கழுவாத பாட்டில்

அர்த்தநாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிக்கையை எதிர்த்து ஈரோட்டில் யாரும் வழக்குக்குப் போனதில்லை. போக நினைத்தவர்களையும் வக்கீல்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள். "அந்த லேப்பு ரிப்போர்ட்டா? கேஸ் நிக்காதுங்க, போய் வேற வேலையப் பாருங்க" என்பார்கள். அவருடைய அப்பா மாரப்பன் ஒரு தராசும் சில கண்ணாடிக் குடுவைகளுமாகத் தொடங்கிய தண்ணீர்ப் பரிசோதனைச்சாலை அது. வாசல் பலகையில் அப்பாவின் பெயர்தான் முதலில் இருக்கும். அந்தப் பலகையைத் தினமும் அர்த்தநாரியே ஈரத் துணியால் துடைப்பார். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாத மனிதர். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் லேப்புக்குள் காலை வைக்க மாட்டார். அடுத்தவரையும் வைக்க விட மாட்டார்.

ஆகவே அரசாங்கம் நிதானியைக் கொண்டுவந்தபோது, அது தன்னைத் தேடி வந்ததில் அவருக்கு வியப்பு ஒன்றும் ஏற்படவில்லை.

நிதானி என்பது பரிசோதனை செய்யும் இயந்திரம். மனிதன் பரிசோதித்தால் கண் அயரும், கை தவறும், மேசைக்கு அடியில் ஏதாவது கைமாறும் என்று சொல்லி, மாநிலத்தின் எல்லா லேப்புகளிலும் ஒரே இயந்திர மூளையை வைப்பதாக முடிவாயிற்று. ஆனால் இயந்திரம் பிறக்கும்போதே எல்லாம் தெரிந்துகொண்டு பிறப்பதில்லை. யாராவது ஒருவரைப் பார்த்துத்தான் அது தொழில் பழக வேண்டும். யாரும் குற்றம் சொல்லாத கை எது என்று தேடினார்கள். தேடியவர்கள் ஈரோட்டுக்கு வந்து நின்றார்கள்.

மேசைகளுக்கு மேலே கேமராக் கண்களைப் பொருத்தினார்கள். குடுவையை அவர் எப்படிப் பிடிக்கிறார், எண்ணைப் படித்ததும் என்ன செய்கிறார், யாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு என்ன சொல்கிறார் என்று சில வருடங்கள் அது பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு அவருடைய குரலையும் கேட்டார்கள். கொடுத்தார். இப்போது நாகர்கோவிலிலும் வேலூரிலும் லேப்பிலிருந்து அழைப்பு வந்தால் அர்த்தநாரியின் குரல்தான் பேசும்: "வணக்கமுங்க, நிதானி பேசறனுங்க." திருநெல்வேலிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள் என்றாலும் மரியாதையான இயந்திரம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் நாடு முழுவதற்கும் அதே நிதானி என்று அறிவிப்பு வந்திருந்தது. அதன் தொடக்க விழாவுக்காக அர்த்தநாரி புதுப் பலகை எழுதக் கொடுத்திருந்தார். அந்த நேரத்தில்தான் தண்ணீர்த் தர வாரியத்திலிருந்து ஜெபக்கனி வந்தாள்.

ஐம்பதை நெருங்கும் பெண். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. தோள்பையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தத்தோடு உள்ளே வந்தாள்.

"உக்காருங்க அம்மிணி. காபி சொல்லட்டுமா?" என்றார் அர்த்தநாரி.

"தண்ணி மட்டும் போதும் சார்."

லேப்புக்குப் பின்னாலேயே வீடு. மகள் ரஞ்சனி போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். லேப்பின் நிர்வாகம் இப்போது அவள் கையில்தான் இருந்தது.

"எங்க கெணத்துத் தண்ணிங்க. ஃபில்டர் அது இதுன்னு ஒரு எழவும் எங்க ஊட்டுல கெடையாது" என்றார் அர்த்தநாரி.

ரஞ்சனி சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

"இனிப்பா இருக்கு சார்" என்று குடித்து முடித்தாள் ஜெபக்கனி. "ஒரு ரிப்போர்ட் மட்டும் பார்க்கணும். குடிக்க ஆகாதுன்னு நீங்க கொடுத்தது. ஒண்ணே ஒண்ணு போதும்."

"எதுக்குங்க?"

"சாயப்பட்டறை இருக்குற ஊரு, தோல் பதனிடுற ஷாப்பு இருக்குற ஊரு. ஒண்ணாவது இருக்கும்லா?"

ரஞ்சனி திரையில் தேடினாள். அவள் தேடி முடிக்கும் முன்பே அர்த்தநாரிக்கு விடை தெரியும். இல்லை. அப்பா காலத்திலும் இல்லை. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததே கிடையாது.

ஜெபக்கனி பையைத் திறந்து பாட்டில்களை மேசைமேல் வரிசையாக வைத்தாள். "இதுல எல்லாத்துலயும் நானே என் கையால குரோமியம் கலந்தேன் சார். ஒரு மாடு குடிச்சா எந்திரிக்காது. தஞ்சாவூர், வேலூர், நாகர்கோவில்னு ஊர் ஊரா அனுப்புனேன். எல்லா எடத்துல இருந்தும் நீங்கதான் கூப்பிட்டீங்க."

தொலைபேசியை மேசைமேல் வைத்துத் தட்டினாள். அவருடைய குரல் பேசியது.

"வணக்கமுங்க, நிதானி பேசறனுங்க. பாட்டிலைச் சரியாக் கழுவாம எடுத்துட்டாங்க போல இருக்குதுங்க. தப்பா நெனச்சுக்காம, வேற ஒண்ணு எடுத்துக் குடுத்து உடுங்க."

அர்த்தநாரியின் காது மடல் சூடானது. அது அவருடைய வாக்கியம். 'தப்பா நெனச்சுக்காம' என்பதற்கு முன்னால் விடுகிற சின்ன மூச்சுகூட அவருடையதே.

"மிஷினு கெட்டுப்போச்சுங்க" என்றார்.

"கெடலை சார். குரோமியம் எவ்வளவுன்னு அது சரியாத்தான் படிச்சிருக்கு. படிச்சதுக்கு அர்த்தம் என்னன்னு உங்களைப் பார்த்துப் பழகியிருக்கு. எண்ணு மோசமா வந்தா நீங்க ரிப்போர்ட் எழுத மாட்டீங்க. போன் போட்டுப் பாட்டில் சுத்தமில்லைம்பீங்க. கொஞ்ச நாள்ல வேற பாட்டில் வரும், எண்ணு நல்லா இருக்கும், ரிப்போர்ட் போகும். வருஷக்கணக்கா இதையே பார்த்துக்கிட்டு இருந்தா ஒரு கொழந்தை என்ன நெனைக்கும்? எண்ணு மோசமா வந்தா அது தண்ணியோட குத்தமில்லை, பாட்டிலோட குத்தம்னுதான். அது பொய் சொல்லலை சார். மனசார நம்புது."

"அது பொய்யில்லீங்க. மரியாதை." அர்த்தநாரியின் குரல் உயர்ந்தது. "ஒருத்தர் கெணறு கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுத்தம்னா அந்த ஊட்டுல பொண்ணெடுப்பாங்களா? மில்லுக்காரன்னா பூட்டிட்டுப் போவோணும். எங்கப்பா பழக்குனதுங்க இது. கூப்புட்டுப் பாட்டில் சுத்தமில்லைன்னு சொன்னாப் போதும், கேக்கறவருக்குப் புரிஞ்சுரும். கெணத்த மூடுவாரு, ஆகவேண்டியதப் பாப்பாரு, சரி பண்ணிட்டு மறுக்காக் கொண்டாருவாரு. நாலு பேருக்குத் தெரியாம வேலை முடிஞ்சுரும். ஆரு மானமும் போவாது."

"மறுக்கா வந்த பாட்டில் அதே கெணத்துல இருந்துதான் வந்துச்சான்னு போய்ப் பார்த்தீங்களா சார்?"

அப்படி ஒரு கேள்வி அர்த்தநாரிக்குத் தோன்றியதே இல்லை. கொண்டுவந்தவர்கள் எல்லாரும் பெரிய மனிதர்கள். பெரிய மனிதர்களைப் போய் யாராவது வேவு பார்ப்பார்களா?

ஜெபக்கனி குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு வழி இருக்கு. மிஷின் செஞ்ச கம்பெனிக்காரங்க, தப்பு எங்க மேலதான்னு எழுதித் தரத் தயாரா இருக்காங்க. உங்க பேரு வெளிய வராது."

"அதுவே ஆவட்டுமுங்க மேடம்" என்றாள் ரஞ்சனி வேகமாக. "அப்பா, தாத்தா பேரு இருக்குதுங்க பலகையில."

"ஆனா அப்படிச் செஞ்சா இந்த நிதானிக்குப் பதிலா, வேற ஒரு ஆளைப் புடிச்சு, புதுசா ஒண்ணை முதல்ல இருந்து பழக்கணும். வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் இதுதான் ஓடும், ஜனங்க பாட்டிலைக் கழுவிக்கிட்டேதான் இருப்பாங்க."

"நிறுத்தி வெச்சுட்டு மனுஷங்களை வெச்சுப் பார்க்கலாமுங்களே?"

"எந்த மனுஷங்களை? இருந்தவங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியாச்சே." அவள் அர்த்தநாரியைப் பார்த்தாள். "இன்னொரு வழி, நீங்களே அது முன்னால உக்காந்து திருத்தணும் சார். நாங்க திருத்திப் பார்த்தோம், கத்துக்குட்டி ஏதோ தப்பாச் சொல்லுதுன்னு ஒதுக்கிருது. தனக்கு மேலன்னு உங்க கையை மட்டும்தான் அது நம்புது. நீங்க திருத்துனா அன்னைக்கே எல்லா லேப்புக்கும் போயிரும். ஆனா யாரோட பழக்கத்தைத் திருத்துனோம்னு ஊருக்குச் சொல்லியாகணும்."

வெளியே புதுப் பலகையைக் கொண்டுவந்து இறக்கும் சத்தம் கேட்டது. அர்த்தநாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புரியாமப் போன ஒரு ஆளைக் காட்டுங்க. எங்கப்பா பேச்சு புரியாத ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. அப்பறம் பேசலாம்."

"வண்டி வாசல்லதான் நிக்கு சார்."

ஊஞ்சக்காட்டுவலசு நகரத்திலிருந்து அதிகத் தூரமில்லை. சாயப்பட்டறைகள் மூடிப் பல காலம் ஆகியும் ஓடைக்கரை மண் இன்னும் ஊதாவாக இருந்தது. ஊருக்கு வெளியே இருந்த தெருவில் கடைசி வீட்டுக்கு ஜெபக்கனி அவரை அழைத்துப் போனாள். வாசலில் ஒரு பெண் மஞ்சள் கிழங்குகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பூவாத்தாள் என்று பெயர். ஊர்த் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து மூடுகிற வேலையில் இருந்தவள். இப்போது அந்த வேலையில் இல்லை. உள்ளே கட்டிலில் அவள் கணவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"லேப்புல இருந்து வந்திருக்காங்கம்மா" என்றாள் ஜெபக்கனி.

"நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்டார் அர்த்தநாரி.

பூவாத்தாளின் கை கிழங்கோடு அப்படியே நின்றது. அவள் மெல்ல எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நீங்கதானுங்களா அது?"

"எது?"

"போன்ல பேசுனது. இந்தக் குரலுதானுங்க." அவள் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுப் போடுங்கய்யா. மொதத்தடவை அவசரத்துல கழுவிட்டேனுங்க. அடுத்த வாட்டி சுடுதண்ணி ஊத்திக் கழுவுனேன். அப்பறம் புதுப் பாட்டிலே வாங்கி, சாம்பல் போட்டு, வேப்பந்தழை போட்டு ஊற வெச்சுக் கழுவுனேனுங்க. அப்பவும் சுத்தமில்லைன்னுட்டீங்க. இன்னொரு தடவை நல்லாக் கழுவிக் கொண்டாந்தர்றேன்னு சொன்னேன், தலைவரு ஒத்துக்கலீங்க. ஒரு பாட்டிலைக் கழுவத் தெரியாதவளுக்குத் தொட்டி எதுக்குன்னு நிறுத்திப்போட்டாரு. ஊர்க்காரங்க அதுக்கு மேல. இந்தத் தெரு ஆளுக கை பட்டா அப்படித்தான் வருமுன்னு..."

அவள் முடிக்கவில்லை. முடிக்காததும் அர்த்தநாரிக்குக் கேட்டது.

"கை சுத்தமில்லாதவளா நானு? பொறந்ததுல இருந்து யாரும் என்னைய அப்படிச் சொன்னதில்லீங்கய்யா. வெளிய போகவே கூச்சமாப் போச்சுங்க."

"தண்ணியில ஏதோ இருக்குன்னு உங்களுக்குத் தோணலையா?" என்று கேட்டார். அவருடைய குரல் அவருக்கே அன்னியமாக இருந்தது.

"இவருக்குக் கிட்னி போச்சுன்னப்ப டாக்டரு கேட்டாருங்க, எந்தத் தண்ணி குடிக்கறீங்கன்னு. தண்ணிதான் காரணமா இருக்குமுன்னாரு. நான்தான் அவருகிட்டச் சண்டைக்குப் போனேன். அர்த்தநாரி லேப்புல எங்க தண்ணியப் பத்தி ஒரு குத்தமும் சொல்லலை, என்ற பாட்டிலைத்தான் குத்தம் சொன்னாங்க, வேணும்னாக் கேட்டுப் பாருங்கன்னேன். அந்த லேப்புச் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு அவரும் போயிட்டாருங்க." அவள் கட்டில் பக்கம் பார்த்தாள். "அதே தண்ணியத்தானுங்க காய்ச்சிக் காய்ச்சிக் குடுத்துக்கிட்டு இருக்கேன் இவருக்கு."

கட்டிலில் இருந்தவன் திரும்பவில்லை. அர்த்தநாரி அவளிடம் ஒரு பாட்டிலில் தண்ணீர் கேட்டார். அவள் உள்ளே போய்க் கழுவுகிற சத்தம் கேட்டது. வெகு நேரம் கேட்டது. அவர் தாங்க முடியாமல் உள்ளே போய் அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கித் தானே கழுவினார். "நீங்க எதுக்குங்கய்யா" என்று அவள் பதறினாள். அவருக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. தான் குடித்த எச்சில் சொம்பைக்கூட வேறொருவரிடம் கழுவக் கொடுத்தே பழகிய கை அவருடையது.

திரும்பும் வழியெல்லாம் அந்தப் பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

லேப்பில் நிதானிக்கு முன்னால் உட்கார்ந்தார். பாட்டிலைத் தட்டில் வைத்தார். உலோகக் கை ஒன்று வந்து எடுத்துப் போயிற்று. எண் திரையில் வந்தது. சட்டம் அனுமதிக்கிற அளவைப் போலப் பல மடங்கு. அர்த்தநாரி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "குடிக்கத் தகுதியற்றதுன்னு எழுது" என்றார்.

"ஐயா, பாட்டில் சரியாக் கழுவலை போல இருக்குதுங்க" என்றது அவருடைய குரல்.

"கழுவியாச்சு."

"ஊஞ்சக்காட்டுப் பாட்டிலுங்க எல்லாம் இப்படித்தானுங்க வருது. அந்தப் பக்கத்து ஆளுகளுக்குச் சுத்தம் பத்தாதுங்க."

ரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பேச்சை அர்த்தநாரி ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் இயந்திரம் அதை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டிருந்தது. எங்கிருந்து என்று அவருக்குத் தெரியும். பெரிய மனிதர்களுக்கு அவர் தானே தொலைபேசியில் பேசுவார். சின்ன மனிதர்களுக்கு ஆள்விட்டுச் சொல்லியனுப்புவார். யாருக்கு மூச்சு விட்டு மெதுவாகச் சொல்ல வேண்டும், யாருக்குப் பாட்டிலை மட்டும் திருப்பித் தள்ளினால் போதும் என்று அவருடைய கைக்குத் தெரியும். மேலே இருந்த கண் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது.

"நான் கழுவுனேன்டா. என்ற கையால" என்றார்.

"நீங்க கழுவியிருக்க மாட்டீங்கய்யா. வேற ஆராவது கழுவியிருப்பாங்க." அவ்வளவு பணிவாகச் சொன்னது. அவருடைய மானத்தை அது காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"உங்க பேச்சையும் கேக்க மாட்டேங்குதே" என்றாள் ஜெபக்கனி.

"கேக்கும்" என்றார். "இதுக்குத் தெரிஞ்சு யாரு மானமும் போனதில்லை. ஒரு குடும்பத்து மானம் போறதை இது ஒரு தடவை பாக்கோணும்." எழுந்தார். "இந்த மண்ணுல எங்க கெணறு மட்டும் தப்பியிருக்குமா? அந்தத் தண்ணியைப் போட்டுப் பாக்கலாம்."

"அப்பா, அது நல்ல தண்ணியாச்சேங்க, அதைப் போட்டு..." என்று ஆரம்பித்த ரஞ்சனி பாதியில் நிறுத்திக்கொண்டாள். நாட்காட்டியைப் பார்த்த அதே முகம்.

அவர் மகளையே பார்த்தார். பிறகு பின்வாசலைப் பார்த்து, "தெய்வானை!" என்று குரல் கொடுத்தார். மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். "நம்ம தண்ணி ஒரு சொம்பு கொண்டா."

"எந்தத் தண்ணிங்க?"

"எந்தத் தண்ணின்னா? நம்ம தண்ணி."

"குடிக்கறதுங்களா, கெணத்துதுங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

தெய்வானை மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"இல்லீங்க மாமா" என்றாள் தெய்வானை. "குடிக்கறது கேன் தண்ணிங்க. கேன்காரன் பின்வாசல் வழியா வந்து குடத்துல ஊத்திட்டுப் போவான்."

"எப்ப இருந்து?"

"ரொம்ப வருஷமாச்சுங்க. தண்ணி ஒரு மாதிரியா இருக்குதுன்னு உங்ககிட்டச் சொன்னேன். சொம்பைப் புளி போட்டு நல்லாத் தேயின்னீங்க. தேய்ச்சேன். கொஞ்ச நாள் கழிச்சு மறுக்காச் சொன்னேன். கொடத்தைத் தேயின்னீங்க. அதுக்கப்பறம் நான் எதுக்குங்க சொல்றேன்?" அவள் குரலில் கோபம் இல்லை. "வர்றவங்ககிட்ட எல்லாம் எங்க கெணத்துத் தண்ணின்னு பெருமையாச் சொல்லுவீங்க. சொன்னா உங்க மனசு சங்கடப்படுமேன்னுதான். தெருவுல எல்லாத்துக்கும் தெரியுமுங்க. ஆரும் உங்ககிட்டச் சொல்ல மாட்டாங்க."

"நானும் கேன் தண்ணியத்தான் இனிப்பா இருக்குன்னேனா?" என்றாள் ஜெபக்கனி. யாரும் சிரிக்கவில்லை.

அர்த்தநாரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். தன் வீட்டில் தண்ணீரை மாற்றி ஊற்ற ஒருத்தி இருந்திருக்கிறாள். ஊஞ்சக்காட்டில் அதே தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தவளுக்கு யார் இருந்தார்கள்?

அவரே கிணற்றுக்குப் போனார். உருளை கிரீச்சிட்டது, வாளியைக் கிணற்றுக்குள் விட்டே நெடுநாள் ஆகியிருந்தது. தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு புதுப் பாட்டிலை எடுத்து, நிதானியின் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கழுவினார். அமிலத்தில் ஒரு முறை. காய்ச்சி வடித்த தண்ணீரில் மறுமுறை. லேப்பு விதியில் சொன்னபடி, ஒன்று விடாமல். பிறகு கிணற்றுத் தண்ணீரை ஊற்றித் தட்டில் வைத்தார்.

எண் வந்தது. ஊஞ்சக்காடு அளவுக்கு இல்லை. ஆனாலும் கெட்டதுதான்.

"ஐயா" என்று தொடங்கியது அவருடைய குரல். "பாட்டில்..."

"நீ பார்த்தியல்ல."

குரல் நின்றது. அது பேச ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி நின்றதில்லை.

"பார்த்தனுங்க. சுத்தமாத்தான் கழுவுனீங்க."

"அப்பறம்?"

"அப்படின்னா... தண்ணிங்களா?"

"தண்ணிதான்."

ரஞ்சனி அப்பாவின் தோளைத் தொட வந்து, தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஆரு பேர்ல எழுதறதுங்க?"

"மாரப்பன் மகன் அர்த்தநாரி. முகவரியோட எழுது."

"அவங்களுக்குப் போன் பண்ணி, வேற பாட்டில் எடுத்துட்டு வரச் சொல்லட்டுங்களா? தப்பா நெனச்சுக்க மாட்டாங்க."

"யாருக்குப் போன் பண்ணுவ? நான் இங்கதானே நிக்கறேன்."

"ஐயா, உங்க பேரு கெட்டுப் போகுமுங்க."

"கெட்டுப் போகட்டும். எழுது. குடிக்கத் தகுதியற்றது."

தாள் வெளியே வந்தது. அந்தச் சொற்களை அவருடைய லேப்பின் முத்திரைக்கு மேலே அவர் முதல் முறையாகப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு ஊஞ்சக்காட்டுப் பாட்டிலைக் காட்டி, "இப்ப இதைப் பாரு" என்றார். இம்முறை நிதானி ஒன்றும் கேட்கவில்லை.

மாலைக்குள் எல்லா ஊர் லேப்புகளிலும் நிதானி தான் திருப்பியனுப்பிய பாட்டில்களின் எண்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. பிறகு தொலைபேசிகள் மணியடிக்கத் தொடங்கின. பள்ளிக்கூடங்களில், ஆஸ்பத்திரிகளில், ஊராட்சிகளில், மில்களில் அர்த்தநாரியின் குரல் பேசியது: "வணக்கமுங்க. உங்க பாட்டில் மேல தப்பில்லீங்க. தண்ணி குடிக்க ஆகாதுங்க. இன்னைக்கே நிறுத்திப்போடுங்க." பல பேர் அந்தக் குரலைத் திட்டினார்கள். சிலர் அழுதார்கள். இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்று ஒரு பெண் கேட்டதாக ஜெபக்கனி பிறகு சொன்னாள். நிதானி அதற்கு என்ன பதில் சொன்னது என்று அவர் விசாரிக்கவில்லை.

விழா நின்றுபோனது. அவருடைய பழக்கம் எது, அதனால் நேர்ந்தது என்ன என்று வாரியம் செய்தித்தாள்களில் பெயர் போட்டே வெளியிட்டது. டீக்கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நிற்கும். ஒருநாள் யாரோ வாசலில் ஒரு காலிப் பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அர்த்தநாரி அதை எடுத்துக் கழுவி உள்ளே வைத்தார்.

"பலகையில இருந்து தாத்தா பேரை எடுத்துரலாமுங்களா?" என்று ரஞ்சனி கேட்டாள்.

"நல்லதுக்கு மட்டும் அவரு பேரா? இருக்கட்டும்" என்றார். தன் கிணற்றின் அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அதே பலகைக்குக் கீழே, உள்ளே வருகிறவர் கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டினார். காலையில் இரண்டையும் துடைப்பார்.

ஊஞ்சக்காட்டுக்கு நேரில் போனார். ஊராட்சித் தலைவர் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பூவாத்தாள் கொண்டுவந்த பாட்டில்களில் குறையே இருந்ததில்லை என்று ஊர்க்கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவள் புருஷனுக்கு உடம்பு திரும்பவில்லை. அவன் கட்டிலில் இருந்தபடியே ஒரு தடவை அவரைப் பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேட்டுக்காட்டில் புதுக் கிணறு வெட்டி, அதன் தண்ணீரைப் பரிசோதிக்க ஒருநாள் பூவாத்தாளே பஸ் ஏறி வந்தாள். துணிப்பைக்குள் துணி, துணிக்குள் பாட்டில். வாசலில் மாட்டியிருந்த அறிக்கைக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். அர்த்தநாரி வெளியே வந்து, "வாங்கம்மா" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் தோள்கள் சுருங்கின.

"குடுங்க" என்று கையை நீட்டினார்.

அவள் பாட்டிலைக் கொடுக்கப் போனாள். பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். முந்தானை நுனியால் மூடியைத் துடைத்தாள். அடியைத் துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"நல்லாக் கழுவித்தானுங்கய்யா கொண்டாந்திருக்கேன்" என்றாள்.

"தெரியுமுங்கம்மா" என்றார் அர்த்தநாரி.

அவள் இன்னொரு முறை துடைத்தாள். அவர் கையை நீட்டியபடியே நின்றார்.